சிங்கப்பூர் 3 நாள் ட்ரிப்: பஸ், எம்ஆர்டி மெட்ரோ ரயிலுக்கு கார்டு வாங்கணுமா?

மதுரைக்காரன்:
அடுத்த வாரம் சிங்கப்பூர் போறோம், நான், வீட்டுக்காரம்மா, அம்மா, ரெண்டரை வயசு பையன். மூணே நாள்தான். எத்தனை தடவை வேணாலும் போற டூரிஸ்ட் பாஸ் எடுன்னு ஒருத்தர் சொல்றார், காசு போட்டு வச்சு தட்டுற ஈசி லிங்க் கார்டு வாங்குன்னு இன்னொருத்தர், கையில இருக்க விசா கார்டே போதும்னு மச்சான் சொல்றான். எதுதான் சரி? ஒரே கார்டை தட்டி எல்லாரும் போயிடலாமா?

தேக்கா டீ:
தம்பி, ஒரே கார்டுல ரெண்டு பேர் போக முடியாது, ஆளுக்கு ஒண்ணு வேணும். உங்க மச்சான் சொல்றது சரிதான், கான்டாக்ட்லெஸ் விசா, மாஸ்டர்கார்டு ரெண்டுமே கேட்ல நேரா தட்டலாம். வெளிநாட்டு கார்டுன்னா தட்டுற நாளுக்கு 60 காசு (சிங்கப்பூர் சென்ட்) கூட எடுப்பாங்க, அவ்ளோதான். அம்மாகிட்ட கார்டு இல்லன்னா அவங்களுக்கு மட்டும் ஈசி லிங்க் வாங்குங்க, 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதுல 5 வெள்ளி கார்டு விலை, அது திரும்ப வராது. பையன் 90 சென்டிமீட்டருக்கு கீழ இருந்தா ஃப்ரீ. 3 நாள் டூரிஸ்ட் பாஸ் 29 வெள்ளி, சாங்கி ஏர்போர்ட்லேருந்து லிட்டில் இந்தியா வர்றதுக்கே 2 வெள்ளி கிட்டதான் ஆகும், அப்ப கணக்கு நீங்களே போட்டுக்குங்க. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் சுத்துறவங்களுக்குதான் அது லாபம், வயசான அம்மாவோட அப்படி சுத்த மாட்டீங்க.

பஸ்ல இறங்கும்போதும் தட்டணும், மறந்துடாதீங்க. மறந்தா கடைசி ஸ்டாப் வரைக்கும் போன கணக்குல காசு போயிடும். நம்ம ஊர்லேருந்து வர்ற சொந்தக்காரங்க முக்காவாசி பேர் முதல் நாள் இதுலதான் மாட்டுவாங்க 😄

திருச்சி பயணி:
அண்ணே ஒரு முக்கியமான விஷயம், 2020லேருந்து ரிசர்வ் பேங்க் ரூல்படி புதுசா வர்ற கார்டுல வெளிநாட்டு யூசேஜ், கான்டாக்ட்லெஸ் ரெண்டுமே ஆஃப்லதான் இருக்கும், நாமதான் ஆப்ல போய் ஆன் பண்ணணும். நான் அது தெரியாம சாங்கியில கேட்ல நின்னு தட்டுறேன் தட்டுறேன், சிவப்பு லைட்தான், பின்னாடி பெரிய க்யூ, அசிங்கமா போச்சு. கிளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டையும் ஆன் பண்ணிடுங்க. ரூபே கார்டை நம்பிப் போகாதீங்க. அப்புறம் ஃபோன்ல தட்டி ஏறினா ஃபோன்லயே தட்டி இறங்குங்க, அதே கார்டா இருந்தாலும் பிளாஸ்டிக்கை தட்டினா வேற கார்டுன்னு எடுத்துக்கும்.

ஊர்சுத்தி:
வெளிநாட்டு செலவுக்கு பேங்க் கூட எடுக்கிற மார்க்கப் 3.5% வரைக்கும் போகும், அதுக்கு மேல ஜிஎஸ்டி வேற. அதையும் கணக்குல சேருங்க.

தேக்கா டீ:
உண்மைதான், ஆனா மூணு நாள் பஸ் காசுக்கு மார்க்கப் பார்த்தா ஒரு டீ காசு கூட வராது. இன்னொண்ணு, சென்டோசா தீவுக்கு விவோசிட்டி மால்லேருந்து போற குட்டி ரயிலுக்கு 4 வெள்ளி தனி, டூரிஸ்ட் பாஸ் அங்க செல்லாது. காத்தாட நடந்து போனா காசே இல்ல.

மதுரைக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே. இப்பதான் ஆப் திறந்து பார்த்தேன், என் கார்டு, அவ கார்டு ரெண்டுலயும் இன்டர்நேஷனல் ஆஃப்லதான் இருந்துச்சு! பையனை செவுத்துல நிக்க வச்சு அளந்தேன், 88. அம்மா இப்பவே அந்த ஈசி லிங்க்ல பூ படம் போட்டது கிடைக்குமான்னு கேக்குறாங்க.