நிரப்புக் குறைபாடு வேண்டாம், நிரம்பாவிடம் என்போம்

அனைவருக்கும் வணக்கம். மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்து கட்டியாகும் (உறைகட்டி) நோயைக் காட்டும் ஸ்கேன் அறிக்கைகளுக்கு நீங்கள் முன்வைத்த தமிழ்ச் சொற்களைப் பற்றி என் கருத்து இது.

சிரைகளைக் காட்டும் சிடி ஸ்கேனுக்கு (CT venogram) 'சிடி சிரைப்படம்' என்பதில் எனக்கு முழுச் சம்மதம். 'கணினித் தளவரைவுச் சிரைவரைவியல்' என்று நீட்டினால் ஒரு மருத்துவரும் எழுதமாட்டார், அதோடு 'இயல்' ஒரு துறைக்குத்தான் பொருந்தும், ஒருவருக்கு எடுக்கும் ஒரு படத்துக்கு அல்ல.

ஆனால் 'filling defect' என்பதற்கு 'நிரப்புக் குறைபாடு' என்பதை ஏற்க முடியவில்லை. அங்கே நடப்பதைப் பாருங்கள். கைச் சிரையில் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றுகிறார்கள், அது இதயம், நுரையீரல், தமனிகள் எல்லாம் கடந்து மூளைச் சிரைகளில் நிறையும்வரை ஏறக்குறைய 40, 45 நொடி பொறுத்துப் படம் எடுக்கிறார்கள். ரத்தம் ஓடும் சிரை வெள்ளையாக நிரம்பித் தெரியும். உறைகட்டி இருக்கும் இடத்தில் மருந்து புகாது, அந்த இடம் மட்டும் கருத்து நிற்கும். இதைக் 'குறைபாடு' என்றால் அறிக்கையைப் படிக்கும் குடும்பத்தார் இரும்புச்சத்துக் குறைபாடு மாதிரி ஏதோ சத்துக் குறைவு என்று நினைப்பார்கள், இல்லையென்றால் மருந்தைச் சரியாக ஏற்றவில்லை போல, படத்தைத் திரும்ப எடுக்கவேண்டும் என்பார்கள். 'நிரம்பாவிடம்' என்றால் கண்ணில் பட்டது மட்டும் சொல்லில் நிற்கிறது.

'அடைப்பு' என்றே வைத்துவிடலாமே என்று கேட்டிருந்தீர்கள். அது இன்னும் ஆபத்து. நிரம்பாத இடமெல்லாம் கட்டி இல்லை. மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய சிலந்தியுறையிலிருந்து (arachnoid) சிரைக்குள் துருத்தும் சிறு மொட்டுகளும் உருண்டையாக, விளிம்பு வழவழப்பாக இப்படியே தெரியும். மூளையின் ரத்தத்தை வடிக்கும் பெரிய சிரை வழிகளில் ஒன்றான பக்கவாட்டுச் சிரைப்புழை (transverse sinus), குறிப்பாக இடப்பக்கம், பலருக்குப் பிறவியிலேயே ஒடுங்கியிருக்கும். இதையெல்லாம் 'அடைப்பு' என்று எழுதிவைத்தால், தேவையில்லாதவருக்கு ரத்த உறைதலைத் தடுக்கும் மருந்து போய்ச் சேரும். கண்டதைச் சொல்வது ஒரு சொல், அதிலிருந்து முடிவுக்கு வருவது வேறு சொல், இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, மருந்து ஏற்றாமல் எடுக்கும் சாதாரண சிடியில் புதிய உறைகட்டி சில வேளை வெளுப்பாகத் தெரியும், அதாவது இதற்கு நேர்மாறு. அதற்கு 'அடர்வெண் சிரை' என்பது என் யோசனை. ஆனால் அந்தப் படம் பலருக்கு இயல்பாகவே இருந்துவிடும், அதை நம்பி நோய் இல்லை என்று சொல்லமுடியாது. பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் விடாத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு என்று வருகிற பெண்ணுக்குச் சிடி சிரைப்படமோ எம்ஆர்ஐ ஸ்கேனில் எடுக்கும் சிரைப்படமோ தேவைப்படுவது இதனால்தான்.

அப்புறம் 'empty delta sign' என்பதற்கான 'வெறுங்கழிமுகக் குறி'. அந்த டெல்டா ஆற்றின் டெல்டா இல்லை, முக்கோண வடிவக் கிரேக்க எழுத்து. மருந்து ஏற்றி எடுத்த படத்தில், மேல் நெடுஞ்சிரைப்புழையின் (superior sagittal sinus) குறுக்குவெட்டில் சுவர் வெளுத்து நடுவே கட்டி கருத்திருக்கும். 'வெற்று முக்கோணக் குறி' போதும்.

மேலே 'சிரைப்புழை' என்று நானாகவே எழுதிவிட்டேன். சைனஸ் என்றே விட்டால் மூக்குச் சைனஸ்தான் நினைவுக்கு வரும், 'சிரைக்கால்' என்றால் காலில் வரும் உறைகட்டியோடு குழம்பும். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.