உம்மாவில் நான் பார்த்த குழிகள்

2003 ஈராக் போரில் நடந்த சூறை என்றாலே பாக்தாத் அருங்காட்சியகம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நான் பார்த்தது வேறு இடம்.

தெற்கே நாசிரியா பக்கம் வேலையில் இருந்தபோது, உள்ளூர் நண்பர் ஒருவர் உம்மாவுக்குக் கூட்டிப்போனார். தெற்கு ஈராக்கில் பழங்காலத்தில் வாழ்ந்த சுமேரியரின் நகரம். இப்போது அந்த மேட்டுக்கு டெல் ஜோக்கா என்று பெயர். 4,000 வருஷத்துக்கு முன்னால் ஆடு, பார்லி, கூலி எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதிவைத்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்த ஊர் அது.

போய் நின்றால், கண்ணுக்கு எட்டிய மட்டும் குழிகள். ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் நடுவே வரப்பு மாதிரி ஓரம்தான் மிச்சம், அதில்தான் நடந்தோம். கால் வைத்த இடமெல்லாம் உடைந்த பானை ஓடு. ஒரு குழிக்குள் பச்சைச் செங்கல் சுவர் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. தோண்டியவர்களுக்கு வேண்டியது, விலை போகும் பலகையும் ஈரக் களிமண்ணில் உருட்டிப் பதிக்கும் விரல் நீள உருளை முத்திரையும்தான். மற்றதை எல்லாம் உடைத்துப் போட்டுவிட்டார்கள்.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்திலேயே ஆரம்பித்ததாம். 2003ல் காவலே இல்லாமல் போனதும் கூட்டம் கூட்டமாக வந்துவிட்டார்கள். பசிக்குத் தோண்டியவர்களை நண்பர் ஏசவில்லை. வாங்க வந்த தரகர்களைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

பாக்தாதில் சுமார் 15,000 பொருள்கள் போயின. அதுவும் கொடுமைதான். ஆனால் அருங்காட்சியகப் பொருளுக்குப் பதிவு இருக்கும், தேட வழி உண்டு. சுமேரியர் செதுக்கிய கல் ஜாடியான வார்க்கா ஜாடி அதே வருஷம் ஜூனில், துண்டுகளாகவாவது, திரும்பி வந்தது. சுமேரிய மன்னர் என்டெமெனாவின் தலையில்லாச் சிலை 2006ல் அமெரிக்காவில் மீட்கப்பட்டது. உம்மாவின் மண்ணுக்குள்ளிருந்து போனவற்றுக்குப் பட்டியலே கிடையாது. என்ன போனது என்றே தெரியாதபோது எதைத் தேடுவது?

2021ல் அமெரிக்காவிலிருந்து சுமார் 17,000 பொருள்கள் ஈராக்குக்குத் திரும்பின, பெரும்பாலும் களிமண் பலகைகள். நல்ல செய்திதான். ஆனாலும் கள்ளத்தனமாகத் தோண்டிய பலகை எந்த அறையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அது தெரிந்திருந்தால் யாருடைய கணக்கு, எந்த அலுவலகம் என்றெல்லாம் பிடித்திருக்கலாம்.

இணையத்தில் இப்படிப் பலகையோ முத்திரையோ விலைக்கு வந்தால், எப்போது ஈராக்கை விட்டு வெளியே வந்தது என்பதற்கு ஆவணம் கேளுங்கள். 1990 ஆகஸ்ட் 6க்குப் பிறகு சட்டவிரோதமாக வெளியேறிய ஈராக்கியத் தொல்பொருளை வாங்கவோ விற்கவோ கூடாது என்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம் சொல்கிறது. ஆவணம் காட்டாவிட்டால் வாங்காதீர்கள்.