கடை 34 டிகிரி, கணினி 27.8 என்கிறது. எதை நம்புவது?

உப்புவெளிக் கடைக்காரன்:
போட்டோ கொப்பிக் கடையில் பழைய இன்டெல் கணினி, உபுண்டு லினக்ஸ் ஓடுகிறது. ரெண்டு கிழமையாகக் கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது. பின்னேரம் கடைச் சுவரிலே 34 டிகிரி. பயந்துபோய், கணினியின் சூட்டைக் காட்டும் எல்எம்-சென்சர்ஸ் போட்டுப் பார்த்தேன். கோர்டெம்ப் (ப்ராசசர் கோர்களின் சூடு) 58, 61. ஏசிபிஐடிஇசட் 27.8. என்சிடி6779 (போர்டில் சூட்டைக் கண்காணிக்கும் சிப்) என்பதன் கீழே சிஸ்டின் 41, பக்கத்தில் அலாரம். ஆக்ஸ்டின்0 என்பது 127! பெட்டியில் கை வைத்தால் இளஞ்சூடுதான்.

பாலையூற்று அண்ணன்:
தம்பி, கடையே 34 என்றால் விசிறிக் காற்றால் ஆறுகிற பெட்டிக்குள் 27.8 எங்கிருந்து வரும்? அது பயோஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) சொல்கிற எண். பல போர்டுகளில் அசையவே அசையாது. நாள் முழுக்கப் பாருங்கள், 27.8 ஆகவே நிற்கும்.

127 என்பது அந்தப் பின்னில் சென்சர் ஒன்றும் கொழுவவில்லை என்பதன் அடையாளம். அலாரத்துக்குப் பக்கத்தில் எல்லை 0 என்று இருக்கும், பாருங்கள். யாரும் எல்லை வைக்கவில்லை, 41 அதைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

நம்ப வேண்டியது கோர்டெம்ப். அந்தச் சென்சர் ப்ராசசருக்கு உள்ளேயே இருக்கிறது. உச்ச வெப்பத்துக்கு (பல இன்டெல் சிப்களில் 100) இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்றுதான் அது அளக்கிறது. அதனால் சூடு ஏற ஏறக் கணக்குச் சரியாகும், கீழே சில டிகிரி பிசகும். சும்மா கிடக்கும்போது பார்த்துப் பயனில்லை. ப்ராசசருக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

நிலாவெளி:
ஏஎம்டி ப்ராசசர் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். என்னுடைய ரைசன் 1800எக்ஸில் டிசிடிஎல் என்ற வெப்ப எண் உண்மையைவிட 20 டிகிரி கூடக் காட்டும். விசிறி ஓட்டத்துக்காக வேண்டுமென்றே அப்படி வைத்தது. தெரியாமல் ரெண்டு முறை ப்ராசசர் மேலுள்ள வெப்பப் பேஸ்ட் மாற்றிப் பூசினேன்.

உப்புவெளிக் கடைக்காரன்:
அண்ணா, ஓட்டினேன். கோர்டெம்ப் 94! மூடியைத் திறந்தால் ஹீட் சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) இடுக்கெல்லாம் கடதாசித் தூசி, கடற்காற்றின் ஈரத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தது. மகளின் பெயின்ட் தூரிகையால் தட்டி எடுத்தேன். இப்போது அதே பத்து நிமிடத்துக்கு 77. ஆக்ஸ்டின்0-க்கு எல்எம்-சென்சர்ஸ் அமைப்புக் கோப்பில் இக்னோர் வரி எழுதி மறைத்துவிட்டேன். 27.8-ஐ மட்டும் விடச் சொல்கிறாள் மகள். கடையில் குளிரான இடம் அது ஒன்றுதானாம்.