ரால்ஸ்டோனியா 12 மாதிரி, 8 ஜிபி மடிக்கணினி: ஜீனோம் ஆய்வையும் பகிர்வையும் ஒன்லைனிலேயே முடிக்கலாமா?

கத்தரித்தோட்டம் கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில வாடல் நோய் வந்த தக்காளி, கத்தரிச் செடிகளில இருந்து வளர்த்த ரால்ஸ்டோனியா பற்றீரியா 12 மாதிரிக்கு இலுமினா இயந்திரத்தில வாசிச்ச டி.என்.ஏ. தரவு வந்திருக்கு. 2×150 (ஒவ்வொரு துண்டும் ரெண்டு முனையிலயும் 150 எழுத்து வாசிச்சது), ஒவ்வொரு மாதிரிக்கும் ரெண்டு ஃபாஸ்ட்கியூ கோப்பு, எல்லாம் சேர்த்து 5 ஜிபி அளவில. வரிசைப்படுத்திய நிறுவனம் கூகிள் டிரைவ் இணைப்பு ஒண்டும், எஃப்.டி.பி. இணைப்பு ஒண்டும் தந்திருக்கு.

கையில இருக்கிறது 8 ஜிபி நினைவகம் உள்ள விண்டோஸ் மடிக்கணினி. அசெம்பிளி செய்து (வாசிச்ச சின்னத் துண்டுகளைப் பொருத்தி ஜீனோமாக்கி), இனம் எது எண்டு உறுதிப்படுத்தி, மாதிரிகளின்ர உறவைக் காட்டுற ஒரு மரம் கீற வேணும். வேற ஊரில இருக்கிற ரெண்டு பேர் அதே தரவைப் பார்க்க வேணும். கடைசியில பொதுக் களஞ்சியத்திலயும் போட வேணும். எந்தக் கருவியில தொடங்கினால் பிறகு திரும்பச் செய்ய வேண்டி வராது?

பனங்கூடல்:

மடிக்கணினியில ஒண்டும் நிறுவாதேங்கோ. அசெம்பிளிக்கு 8 ஜிபி மட்டுமட்டு, இடையில நிண்டுபோகலாம். இது கேலக்ஸி எண்ட இணைய ஆய்வு மேடையில செய்யிற வேலை. உலாவி மட்டும் போதும், காசு இல்லை. அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா எண்டு பொதுச் சேர்வர்கள் இருக்கு. உங்களுக்கு ஐரோப்பியச் சேர்வர்தான் பொருத்தம். பதிவு செய்தால் 250 ஜிபி இடம் வரும், அதோட ஐரோப்பியக் களஞ்சியமான ஈ.என்.ஏ.க்கு நேரே அனுப்புற கருவியும் அங்கயே இருக்கு. கோப்பு ஒருக்கா ஏறினால் சரி, பிறகு உங்கட வீட்டு இணைப்பால அது இறங்கவும் தேவையில்லை, திரும்ப ஏறவும் தேவையில்லை. உங்கட முழுத் திட்டத்தையும் இந்த ஒரு விசயத்தைச் சுற்றித்தான் போட வேணும். ஒரு சேர்வரில ஒருத்தருக்கு ஒரு கணக்குத்தான். இடம் காணேல்லை எண்டு ரெண்டாவது திறந்தால் முடக்கிப்போடுவினம்.

ஏத்துறதுக்கு எஃப்.டி.பி. இணைப்பைப் பாவியுங்கோ. கேலக்ஸியின்ர அப்லோட் பெட்டியில "பேஸ்ட்/ஃபெட்ச் டேட்டா" எண்டு இருக்கும், 24 முகவரியையும் வரிக்கு ஒண்டாக ஒட்டிவிட்டால் சேர்வரே போய் எடுத்துக்கொள்ளும். கூகிள் டிரைவ் இணைப்பை அதில ஒட்டாதேங்கோ. பெரிய கோப்புக்கு டிரைவ் முதலில "வைரஸ் சோதிக்க முடியேல்லை" எண்ட எச்சரிக்கைப் பக்கத்தைத்தான் தரும், கேலக்ஸி அந்தப் பக்கத்தையே கோப்பு எண்டு எடுத்துவைக்கும். பட்டியலில பச்சையாகவும் தெரியும், ஆனால் அளவு சில கேபிதான், வகை எச்.டி.எம்.எல். எண்டு இருக்கும்.

டிரைவ்தான் வழி எண்டால் இறக்கித்தான் ஏத்த வேணும். ஏற்று வேகம் 10 எம்பிபிஎஸ் இருந்தால் 5 ஜிபிக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல, 2 எம்பிபிஎஸ் எண்டால் ஐஞ்சரை மணித்தியாலம். கோப்பை விரிக்காமல் ஜிசிப் வடிவிலயே ஏத்துங்கோ.

ஏறினாப் பிறகு வகை "ஃபாஸ்ட்கியூசாங்கர்.ஜிஇசட்" எண்டு இருக்கோ பாருங்கோ. வெறும் "ஃபாஸ்ட்கியூ.ஜிஇசட்" எண்டு இருந்தால் கன கருவிகளின்ர தெரிவுப் பட்டியலில உங்கட கோப்பு வரவே வராது. பென்சில் குறியை அழுத்தி வகையை மாத்தினால் வந்திடும். அடுத்தது, 24 கோப்பையும் தெரிவு செய்து சோடிப் பட்டியலாகக் கட்டுங்கோ. பிறகு எந்தக் கருவியையும் ஒருக்கா அழுத்தினால் 12 மாதிரிக்கும் ஓடும். அந்த நேரம் குடுக்கிற மாதிரிப் பெயர்தான் கடைசி மரத்தின்ர நுனி வரைக்கும் போகும். ஆங்கில எழுத்து, இலக்கம், கீழ்க்கோடு மட்டும் பாவியுங்கோ. இடைவெளியோ சாய்கோடோ இருந்தால் ஏதாவது ஒரு படியில வெட்டுப்படும்.

வேலை சாம்பல் நிறத்தில நிண்டால் வரிசையில நிக்குது எண்டு அர்த்தம். மணித்தியாலக் கணக்கில நிக்கிறது வழமை. அழிச்சுப்போட்டு திரும்பக் குடுக்காதேங்கோ, வரிசையின்ர கடைசிக்குப் போய்விடும்.

கொக்குவில்_ஆய்வுமேசை:

அசெம்பிளிப் பக்கத்தை நான் சொல்லுறன்.

முதலில ரீட் (வாசிச்ச துண்டு) தரத்தைச் சோதிக்கிற ஃபாஸ்ட்கியூசி, அதின்ர விளைவுகளை மல்டிகியூசியில ஒரே பக்கத்தில பாருங்கோ. ஆர்1, ஆர்2 எண்ட சோடிக் கோப்புகளின்ர ரீட் எண்ணிக்கை ஒவ்வொரு மாதிரியிலயும் சமனாக இருக்க வேணும். இல்லையெண்டால் கோப்பு அரைவாசியில அறுந்திருக்கு. உங்கட பற்றீரியாவின்ர ஜீனோம் 5.8 மெகாபேஸ் (58 லட்சம் எழுத்து) அளவு. 100 மடங்கு கவரேஜுக்கு (ஒவ்வொரு இடமும் சராசரி 100 தரம் வாசிக்கப்பட) 580 மெகாபேஸ், அதாவது 19 லட்சத்துக்குக் கிட்டவாக ரீட் சோடி தேவை. 40 மடங்குக்குக் கீழ வந்த மாதிரியை இப்பவே குறிச்சு வையுங்கோ.

பிறகு தரம் குறைஞ்ச பகுதிகளை வெட்டுற ஃபாஸ்ட்பி. ஆகக்குறைந்த நீளம் 50. நோவாசீக், நெக்ஸ்ட்சீக் இயந்திரத் தரவு எண்டால் பொலி-ஜி வெட்டும் தெரிவை இயக்கத்தில விடுங்கோ. அந்த இயந்திரங்களில சமிக்ஞை இல்லாத இடம் "ஜி" எண்டு வாசிக்கப்படும். ரால்ஸ்டோனியாவின்ர ஜிசி அளவே (ஜி, சி எழுத்துகளின்ர பங்கு) 67 வீதம், அதால பொய் ஜி கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அசெம்பிளிக்கு ஷோவில் போதும். உள்ளுக்கு ஸ்பேட்ஸ்தான் ஓடும், மேலதிக ஆழத்தை 150 மடங்குக்கு அதுவே குறைக்கும். விளைவை அசெம்பிளியை அளக்கிற குவாஸ்டில போட்டு மொத்த நீளம், என்50 (துண்டுகளின்ர நீளத்தைக் காட்டுற அளவு), ஜிசி மூண்டையும் பாருங்கோ. கொன்டிக் (பொருத்தி வந்த துண்டு) எண்ணிக்கை நூற்றுக்கு மேல வந்தால் பயப்பட வேண்டாம். இதின்ர ஜீனோமில திரும்பத்திரும்ப வாற துண்டுகள் நிறைய, 150 பேஸ் ரீட் அதுகளைத் தாண்டாது. மொத்த நீளம் 5.3 முதல் 6 மெகாபேஸுக்குள்ள இருக்கோ எண்டதுதான் முக்கியம்.

இனத்துக்கு, ரெண்டு ஜீனோம் எவ்வளவு ஒத்துப்போகுது எண்டு வீதத்தில தாற ஃபாஸ்ட்ஏஎன்ஐ. 2002இல் வெளியான ஜிஎம்ஐ1000 ஜீனோமோட ஒப்பிடுங்கோ. அது தக்காளியில இருந்து எடுத்தது, இப்ப சூடோசொலனேசியாரம் எண்ட இனத்துக்குள்ள வருது. 95-96 வீதத்துக்கு மேல வந்தால் அதே இனம். ஆசியாவில கூடுதலாக இதுதான், ஆனால் பாக்காமல் பேரைப் போடக்கூடாது. களஞ்சியத்தில சொலனேசியாரம் எண்டு பதிஞ்சு, பிறகு திருத்துறது வீண் அலைச்சல்.

கத்தரித்தோட்டம்:

மிக்க நன்றி. எஃப்.டி.பி.யால ஏத்தி, நீங்கள் சொன்னபடி ஓட்டினேன். 10 மாதிரி 5.5க்கும் 5.9க்கும் இடையில. ரெண்டு மாதிரி மட்டும் பிழைக்குது. ஒண்டு 8.1 மெகாபேஸ், கொன்டிக் நாலாயிரத்துக்கு மேல, ஜிசி வரைபில 67இல பெரிய மலையும் 35 பக்கம் ஒரு சின்ன மேடும். மற்றது 11 மெகாபேஸ், 67 மலையோட 56 பக்கம் இன்னொரு மலை, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

கொக்குவில்_ஆய்வுமேசை:

ரெண்டும் வேற வேற வருத்தம்.

35 பக்கத்து மேடு தக்காளி. செடியின்ர டி.என்.ஏ. கொஞ்சம் கலந்திருக்கு. தண்டை வெட்டி வடிஞ்ச பாலில இருந்து நேரே பிரிச்சால் இப்பிடி வரும். ஷோவில் தாற கொன்டிக் தலைப்பு வரியில நீளமும் கவரேஜும் எழுதியிருக்கும், திறந்து பாருங்கோ. பற்றீரியாக் கொன்டிக் எல்லாம் 80, 90 எண்டு நிக்க, மற்றதுகள் 2, 3 எண்டு கிடக்கும். ஷோவிலின்ர ஆகக்குறைந்த கவரேஜை 2இல இருந்து 10 ஆக்கி திரும்ப ஓட்டினால் அதுகள் விழுந்திடும். ரீட் எந்த உயிரினத்தின்ரது எண்டு வகைப்படுத்துற கிராகன்2 ஓட்டி உறுதிப்படுத்தலாம், ஆனால் வழமையான தரவுத்தளத்தில தாவரம் இல்லை, தக்காளி ரீட் எல்லாம் "வகைப்படுத்தப்படாதது" எண்டு வரும். தாவரமும் சேர்ந்த பிளஸ்பிஎஃப்பி தரவுத்தளத்தைத் தெரிவு செய்யுங்கோ.

ரெண்டாவது மாதிரியில இன்னொரு பற்றீரியா சம அளவில வளர்ந்திருக்கு. வாடின தண்டில இது சர்வசாதாரணம். கவரேஜ் ஒரே அளவாக இருக்கிறபடியால் வெட்டிப் பிரிக்க ஏலாது. மென்பொருளால திருத்தப் பாக்காமல் அந்த மாதிரியை விலக்குங்கோ. உறைநிலையில வைச்ச வளர்ப்பு இருந்தால் ரெட்ராசோலியம் ஊடகத்தில திரும்பக் கீறி, நடுவில இளஞ்சிவப்பும் சுற்றிவர வெள்ளையுமாக வழியிற தனிக் கொலனி ஒண்டை எடுத்துத்தான் திரும்ப அனுப்ப வேணும்.

ஒரு எச்சரிக்கை. இதின்ர ஜீனோம் ரெண்டு துண்டு: குரோமசோம் 3.7 மெகாபேஸ், மெகாபிளாஸ்மிட் 2.1 மெகாபேஸ். வேற பேரில ஒத்துப்போற கொன்டிக் எண்டு நினைச்சு மெகாபிளாஸ்மிட்டை வெட்டிப்போடாதேங்கோ. நோயுண்டாக்கும் சுரப்பு அமைப்பின்ர மரபணுக்கள் இருக்கிறதே அதிலதான்.

மரக்கிளை:

மரத்துக்கு அசெம்பிளியைப் பாவிக்க வேண்டாம், ரீட்டிலிருந்தே போங்கள். மாறிய இடங்களைக் கண்டுபிடிக்கும் ஸ்னிப்பியை உசாத்துணை ஜீனோமோடு (ஜிஎம்ஐ1000) ஒவ்வொரு மாதிரிக்கும் ஓட்டி, பிறகு அந்த விளைவுகளை ஒன்றுசேர்க்கும் ஸ்னிப்பி-கோர். ஸ்னிப்பியின் வெளியீட்டுத் தெரிவில், ஸ்னிப்பி-கோருக்குத் தேவையான சுருக்கிய கோப்புறை என்பதை அடையாளமிட மறந்தால் அடுத்த படியில் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டி வரும்.

கவரேஜ் குறைந்த ஒரு மாதிரி முழு மரத்தையும் கெடுக்கும். கோர் என்பது எல்லா மாதிரியிலும் வாசிக்கப்பட்ட இடங்கள் மட்டும். ஸ்னிப்பி இயல்பாக 10 மடங்குக்குக் கீழான இடத்தை ஏற்காது. ஒரு மாதிரியில் கால்வாசி ஜீனோம் அப்படி விழுந்தால், மற்றப் பத்தும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கால்வாசி எல்லோருக்கும் போய்விடும். ஸ்னிப்பி-கோரின் சுருக்க அட்டவணையில் ஒவ்வொரு மாதிரிக்கும் எத்தனை பேஸ் பொருந்தியது என்று இருக்கும். ஒரு நிரை மட்டும் சரிந்து கிடந்தால் அதை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ரால்ஸ்டோனியா வெளியிலிருந்து டி.என்.ஏ.யை உள்வாங்கும் இனம். அந்த மறுசேர்க்கைத் துண்டுகளை நீக்காமல் கீறினால் கிளை நீளங்கள் பொய் சொல்லும். கபின்ஸ் பாவியுங்கள். அதற்குக் கொடுக்க வேண்டியது முழு நீள ஒழுங்கமைப்பு (எல்லா மாதிரியின் வரிசையையும் இடத்துக்கு இடம் நேர்படுத்திய கோப்பு). மாறிய இடங்கள் மட்டும் உள்ள சின்னக் கோப்பைக் கொடுத்தால் மறுசேர்க்கையை அதால் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. கபின்ஸ் நெருங்கிய உறவுள்ள மாதிரிகளுக்குத்தான் சரி. ஏஎன்ஐயில் ஒரு மாதிரி தனியே தூர நின்றால் அதை இந்த மரத்துக்குள் இழுக்காதீர்கள். கடைசியில் மரத்தைக் கீற ஐக்யூ-ட்ரீ.

பகிர்வுக்கு வருகிறேன். மற்ற இருவரும் அதே கேலக்ஸிச் சேர்வரில் கணக்குத் திறந்தால், உங்கள் ஹிஸ்டரியை (செய்த வேலைகளின் பதிவை) அவர்களின் மின்னஞ்சலுக்கு மட்டும் பகிரலாம். ஒவ்வொரு படியிலும் பாவித்த கருவி, பதிப்பு, அளவுகள் அதில் அப்படியே இருக்கும். ஹிஸ்டரியில் இருந்தே வேலையோட்டத்தைப் பிரித்தெடுத்து வையுங்கள். அடுத்த போகத்து மாதிரி வந்தால் அதே அளவுகளோடு ஓடும்.

மரத்தையும் இடங்களையும் சேர்த்துக் காட்ட மைக்ரோரியாக்ட் நல்லது. நியூவிக் மரக் கோப்பும் ஒரு சி.எஸ்.வி. அட்டவணையும் போதும். அட்டவணையின் பெயர் நிரலும் மரத்தின் நுனிப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்னிப்பி மரத்தில் உசாத்துணையும் ஒரு நுனியாக வரும், அதற்கும் ஒரு நிரை எழுதுங்கள். தரவு வெளியே போகக்கூடாத நிலையில் இருந்தால் ஆஸ்பிஸின் இணையப் பக்கத்தில் கோப்பை இழுத்துவிட்டுப் பாருங்கள். எல்லாம் உங்கள் உலாவிக்குள்ளேயே நடக்கும்.

ஒரு குறிப்பிட்ட மாற்றத்தை ரீட் மட்டத்தில் காட்ட ஐஜிவி என்ற ஜீனோம் காட்டியின் இணையப் பதிப்பு. ரீட்டுகளை உசாத்துணையில் பொருத்திய பேம் கோப்பையும் அதன் பிஏஐ சுட்டியையும் ஒன்றாகத் தெரிவு செய்யுங்கள். எல்லாம் ஏற்றியும் திரை வெறுமையாக இருந்தால் அனேகமாகப் பெயர்ப் பிரச்சினை. ஜிஎம்ஐ1000 குரோமசோம் ஜென்பாங்கில் ஏஎல்646052, ரெஃப்சீக்கில் என்சி_003295. ஒரே வரிசைதான், பெயர் வேறு. ஒன்றோடு ஒழுங்கமைத்து மற்றதன் ஜீன் கோப்பை ஏற்றினால் ஒன்றும் தெரியாது. தொடக்கத்திலேயே ஒன்றைத் தெரிவு செய்து, ஃபாஸ்டாவையும் (வரிசைக் கோப்பு) ஜிஎஃப்எஃப்பையும் (ஜீன் கோப்பு) அதே இடத்தில் இருந்து எடுங்கள்.

கத்தரித்தோட்டம்:

ஈ.என்.ஏ.யில போட, தோட்டங்களின்ர ஜிபிஎஸ் புள்ளியை அப்படியே குடுக்க வேணுமா? கமக்காரர் சிலர் தங்கட காணி தெரியிறதை விரும்பேல்லை.

பனங்கூடல்:

அவையின்ர விருப்பத்துக்கு மாறாகப் புள்ளியைப் போடவே கூடாது. ஒருக்கா வெளியில வந்த அட்டவணையை ஆரும் இறக்கி வைச்சிருப்பினம், பிறகு அழிச்சுப் பலனில்லை. கட்டாயமானது நாடும் சேகரிச்ச திகதியும்தான். நாடு இலங்கை, பிரதேசம் யாழ்ப்பாணம் எண்டு போடுங்கோ. அமைவிடம் தேவையெண்டால் ரெண்டு தசமத்துக்கு வெட்டி 9.67 வடக்கு, 80.02 கிழக்கு மாதிரிக் குடுங்கோ. அது ஒரு கிலோமீற்றர் அளவு துல்லியம். ஊருக்கு ஒரே ஒரு தோட்டம்தான் எண்டால் அதையும் விட்டு மாவட்டத்தோட நிப்பாட்டுங்கோ. மைக்ரோரியாக்ட் அட்டவணைக்கும் இதே வெட்டின புள்ளிதான்.

ஈ.என்.ஏ.யில முதலில வெபின் எண்ட அனுப்புநர் கணக்குத் திறந்து, அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கேலக்ஸியின்ர பயனர் விருப்பங்களில பதியுங்கோ. பிறகு ஈ.என்.ஏ. அப்லோட் கருவி சேர்வரில இருந்தே அனுப்பும். முதல் ஓட்டத்தைச் சோதனைச் சேர்வருக்கு அனுப்புற தெரிவோட செய்யுங்கோ. அங்க போட்டது நாள் கழிய அழிஞ்சிடும், அதால பிழையை எல்லாம் அங்க பிடிக்கலாம். அனுப்ப வேண்டியது வெட்டாத மூல ரீட், ஃபாஸ்ட்பி வெளியீடு இல்லை. வெளியிடும் திகதியை ரெண்டு வருசம் வரைக்கும் தள்ளி வைக்கலாம். அசெம்பிளியையும் போடுறதெண்டால் வெபின்-சிஎல்ஐ எண்ட தனி நிரல் வேணும், ஜாவா இருந்தால் உங்கட மடிக்கணினியே அதுக்குக் காணும். மரம், ஒழுங்கமைப்பு, அட்டவணை மாதிரியான விளைவுகளுக்கு செனோடோ எண்ட பொதுக் களஞ்சியம்; ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை, டிஓஐயும் (மேற்கோள் காட்டுற நிரந்தர அடையாளம்) கிடைக்கும்.

மாதிரி விவர அட்டவணையை எக்செலில பாவிக்கிறீங்கள் எண்டால், நேரே திறக்காமல் இறக்குமதி செய்து, அந்த நேரம் திகதி நிரலை "உரை" எண்டு ஆக்குங்கோ. 2024-03 எண்டு எழுதினதை அது தன்ர பாட்டில மார்ச்-24 ஆக்கிப்போடும், ஈ.என்.ஏ. அந்த நிரைகளை ஏற்காது. கேலக்ஸியில வேலை முடிஞ்சு அழிக்கிற கோப்புகளை "பேர்ஜ்" செய்தால்தான் இடம் திரும்ப வரும், வெறும் "டிலீட்" செய்தது 250 ஜிபியில எண்ணுப்பட்டுக்கொண்டே இருக்கும்.