புதுப்பிப்பு: விரிசல் விட்ட லித்கோ ரைபிள் கட்டை

பக்கத்து வீட்டுப் பெரியவரின் பழைய லீ-என்ஃபீல்டு (பிரிட்டிஷ் ராணுவ ரைபிள்) பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேனே, ஆஸ்திரேலியாவில் லித்கோ ஆலையில் செய்தது. முன்கட்டையின், அதாவது குழலுக்கு அடியில் இருக்கும் மரத்தின், பின்முனையில் விரிசல். மாற்றுவதா, ஒட்டுவதா என்று குழப்பம். ஒட்டியாகிவிட்டது, நன்றாகவே பிடித்திருக்கிறது.

நீங்கள் எச்சரித்தபடி முன்கட்டையை முதலில் கழற்றிவிட்டுத்தான் பின்கட்டைக்குள் (தோளில் வைக்கும் மரம்) இருக்கும் நீள போல்ட்டில் கை வைத்தேன். அந்த போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் மாட்டியிருக்கிறது. கழற்றாமல் திருகினால் மரம் பிளந்துவிடும். இந்த விரிசலே எவரோ அவசரப்பட்டுத் திருகியதில் வந்ததுதான் என்பது என் சந்தேகம்.

ஒட்டுவது அரை மணி வேலை. மரத்தில் ஊறிய பழைய எண்ணெயை எடுப்பதுதான் பெரும்பாடு! அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைக் குழைத்துப் பூசி வெயிலில் வைத்தால், வெள்ளைப் பூச்சு எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாக மாறும். உதிர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். துணியில் கறை வராத பிறகுதான் எபாக்சிப் பசை. விரிசலை லேசாக விரித்து, பல் குத்தும் குச்சியால் உள்ளே தள்ளி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினேன்.

மரத்தில் அடிபட்ட பள்ளங்களுக்கு ஈரத்துணி விரித்து மேலே சூடான இஸ்திரிப் பெட்டி வைத்தால் போதும், ஆவியில் மரம் உப்பிவிடும். உப்புத்தாள் போடவே இல்லை. போட்டால் கட்டையில் குத்திய முத்திரைகள் அழிந்துபோகும்.

வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேயுங்கள். காய நாளாகும், அவ்வளவுதான்.