மூன்று மாடியா, ஆறு மாடியா: எங்கள் எஸ்டேட் தமிழ் சாட் குழுவில் ஒரு வார இறுதி

தென்னாப்பிரிக்காவில் டர்பன், உம்லங்கா பக்கம். மூன்று மாடியில் இரண்டு பிளாக், 48 வீடு, நடுவில் ஒரு காலி நிலம். பெயர்கள் எல்லாம் என் போனில் பதிந்து வைத்திருப்பது போலவே இருக்கின்றன. "அட்மின்" நான்தான்.

*சனிக்கிழமை*

17-ம் நம்பர் சித்தி: எல்லோருக்கும் காலை வணக்கம். பின்னால் காலி நிலத்துக்குப் போகும் சின்ன கேட்டை யார் பூட்டியது? கறிவேப்பிலை பறிக்கப் போனேன், பெரிய பூட்டு தொங்குகிறது. சாம்பார் அடுப்பில் இருக்கிறது.

அட்மின்: சித்தி, பூட்டு மட்டும் இல்லை, ரோட்டுப் பக்க வேலியில் நோட்டீஸும் ஒட்டியிருக்கிறார்கள். நேற்று இரவு பார்த்தேன். காலி நிலத்தில் வரப்போகும் மூன்றாவது பிளாக்கை ஆறு மாடியாக்க முனிசிபாலிட்டியிடம் அனுமதி கேட்டிருக்கிறார் டெவலப்பர். போட்டோ போடுகிறேன்.

அட்மின்: (போட்டோ)

14-ம் நம்பர் அக்கா: என்னது, ஆறா? வாங்கும்போது மூன்று மாடி என்று படம் போட்டுக் காட்டினார்களே! அந்தக் கலர் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பால்கனியில் நின்றால் ஒரு கீற்று கடல் தெரியும், அதற்காகவே கூடப் பணம் கொடுத்து வாங்கினோம்.

40-ம் நம்பர் மாமா: இந்த மாதம் பராமரிப்புக் கட்டணம், அதான் லெவி, ஸ்டேட்மெண்ட் பார்த்தீர்களா எல்லோரும்? 2,400 ராண்ட் கட்டிக்கொண்டிருந்தேன், மார்ச்சிலிருந்து 2,640. இப்போது வருடப் பொதுக்கூட்டத்துக்கு, அந்த ஏஜிஎம்முக்கு, அனுப்பியிருக்கும் பட்ஜெட்டில் 3,000 என்று போட்டிருக்கிறது. ஒரே வருடத்தில் கால் பங்கு ஏறுகிறது, சம்பளம் அப்படி யாருக்கு ஏறியது? இதில் மேலே மூன்று மாடி வேறு. நான் கட்டப்போவதில்லை. நீங்களும் கட்டாதீர்கள், 48 வீடும் நிறுத்தினால் என்ன செய்துவிடுவார்கள்?

டிரஸ்டி அண்ணன்: மாமா, கொஞ்சம் பொறுங்கள். இரண்டும் வேறு வேறு விஷயம், கலக்க வேண்டாம். லெவி ஏறியதற்குக் காரணம் இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கலவரச் சேதத்துக்கான சாஸ்ரியா இன்ஷூரன்ஸ் பிரீமியமே ஏறியது, மொத்தக் கட்டிடத்துக்கும் புதிதாகக் கட்டும் விலைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகணும், அது சட்டம். கேட்டில் நிற்கும் கார்டுகளுக்குச் சம்பளம் கூடியிருக்கிறது, ஜெனரேட்டர் டீசல், அப்புறம் இந்த உப்புக் காற்றில் பால்கனிக் கம்பி எல்லாம் துருப்பிடித்து உதிர்கிறது. வீட்டுக்காரர்கள் சார்பில் நிர்வாகம் பார்க்கும் நாங்கள் ஐந்து டிரஸ்டிகள், ஒரு ராண்ட் சம்பளம் இல்லாமல் செய்கிறோம். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு பம்ப் ரிப்பேருக்கு ஆள் தேடியது நான்தான்.

40-ம் நம்பர் மாமா: உங்களைச் சொல்லவில்லை தம்பி. அந்த மேனேஜிங் ஏஜெண்டைச் சொல்கிறேன்.

22-ம் நம்பர் தம்பி: நான் வாடகைக்கு இருப்பவன், பேசலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆறு மாடி வந்தால் என்ன தப்பு? மதுரையிலிருந்து இங்கே வேலைக்கு வந்து நாலு மாதம் வீடு தேடினேன், கிடைத்ததில் பாதி என் சம்பளத்துக்கு எட்டவில்லை. வீடு நிறைய வந்தால்தானே வாடகை குறையும். உங்களுக்குக் கடல் தெரிய வேண்டும், எங்களுக்கு வீடு வேண்டும். கோபம் வேண்டாம் அக்கா.

14-ம் நம்பர் அக்கா: கோபம் இல்லை. இருபது வருடக் கடன் தலையில் இருந்தால் உனக்கும் புரியும்.

17-ம் நம்பர் சித்தி: சாம்பாரை இறக்கிவிட்டேன், கறிவேப்பிலை இல்லாமலே.

ஆடிட்டர் அக்கா: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். முதலில் மாமாவுக்கு: லெவியை நிறுத்தாதீர்கள். பாடி கார்ப்பரேட், அதாவது நம் வீட்டுக்காரர்கள் சங்கம், அதன் மேல் என்ன குறை இருந்தாலும் லெவியைப் பிடித்து வைக்க நமக்கு உரிமை கிடையாது. வட்டி ஏறும், வக்கீல் கடிதம் வரும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான். பாக்கி தீராமல் வீட்டை விற்கவும் முடியாது, கிளியரன்ஸ் தராமல் பத்திரம் மாறாது.

அடுத்தது, மார்ச்சில் ஏறிய 240 ராண்ட் சரியாகப் பத்து சதவீதம். வருடக் கணக்கு முடிந்ததும் ஏஜிஎம்முக்கு முன்னால் டிரஸ்டிகள் தாங்களாக ஏற்றக்கூடிய உச்சமே அதுதான். அதற்கு மேல் 3,000 வரை போவது ஏஜிஎம்மில் நாம் பட்ஜெட்டை ஒப்புக்கொண்டால் மட்டும். ஜூனில் கூட்டம். வருடா வருடம் பத்துப் பேர் வந்து டீ குடித்துவிட்டுக் கையைத் தூக்கிவிட்டுப் போகிறோம், பிறகு இங்கே வந்து சண்டை போடுகிறோம்.

40-ம் நம்பர் மாமா: சரி. அப்போது ஸ்டேட்மெண்டில் சிஎஸ்ஓஎஸ் என்று ஒரு வரி, 38 ராண்ட் இருந்தது 40 ஆகியிருக்கிறது, அதையும் ஏற்றிவிட்டார்களே?

ஆடிட்டர் அக்கா: அதை ஏற்றியது யாரும் இல்லை, கணக்கு அப்படி. லெவியில் 500 ராண்டுக்கு மேல் இருக்கும் தொகையில் இரண்டு சதவீதம், அதிகபட்சம் 40. உங்களுக்கு 1,900-க்கு 38 வந்தது, இப்போது உச்சத்தைத் தொட்டுவிட்டது, இனி 5,000 ராண்ட் லெவி கட்டினாலும் 40-தான். 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு, நம்மைப் போன்ற குடியிருப்புத் தகராறுகளைத் தீர்க்க வைத்திருக்கும் ஆம்பட் அலுவலகத்துக்குப் போகிற காசு. மாதா மாதம் கட்டுகிறோம், ஒரு தடவையாவது அங்கே போயிருக்கிறோமா?

22-ம் நம்பர் தம்பி: ஜிம் மெம்பர்ஷிப் மாதிரி 😄

டிரஸ்டி அண்ணன்: இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், டெவலப்பர் ஆள் எங்களிடம் சொன்னது. 48 வீடு 96 ஆனால் அதே கார்டு, அதே கேட், அதே தோட்டக்காரர், செலவு இரண்டு மடங்கு பேருக்குப் பிரியும், லெவி குறையும். எனக்கு அதில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

ஆடிட்டர் அக்கா: கார்டு விஷயத்தில் சரிதான் அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாடிக்கு லிஃப்ட் வேண்டும். நம் பிளாக்கில் லிஃப்டே கிடையாது, படியேறி முட்டி தேய்ந்துவிட்டது. அந்த லிஃப்டின் சர்வீஸ், ரிப்பேர், கரண்ட் எல்லாம் பொதுச் செலவு. வீட்டின் தரைப் பரப்பை வைத்து வரும் கோட்டாப்படி 96 வீடும் பகிரணும், தரைத்தளத்தில் இருக்கும் தாத்தாவும் சேர்த்து. பத்து வருடப் பராமரிப்புத் திட்டத்தில் லிஃப்ட் ஏறினால் பெரிய ரிப்பேர்களுக்கான ரிசர்வ் நிதியும் ஏறும். ஏற்கெனவே நம் ரிசர்வ் பரிதாபம். அன்றாடச் செலவுக்கான நிர்வாக நிதிக்கு வருடத்துக்கு வசூலிப்பதில் கால் பங்குகூட அங்கே இல்லாததால்தான் இந்த வருடம் குறைந்தது 15 சதவீதம் ஒதுக்கியே தீர வேண்டிய கட்டாயம். 3,000 வரை ஏறுவதில் அதுதான் பெரிய துண்டு, டீசல் இல்லை.

14-ம் நம்பர் அக்கா: தண்ணீரை யாரும் பேசவில்லையே. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் போய், அங்கே என் நாத்தனார் வீட்டில் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றார்கள். இங்கேயே இப்போது இரண்டாவது மாடிக்கு மாலையில் நூல் மாதிரிதான் வருகிறது. இருக்கிற நாலு ஜோஜோ தண்ணீர் டேங்கும் 48 வீட்டுக்கே போதவில்லை. எதிர்ப்புக் கடிதத்தில் கடல், தண்ணீர் இரண்டையும் எழுதுவேன்.

ஆடிட்டர் அக்கா: தண்ணீரை எழுதுங்கள் அக்கா, எந்தத் தேதி, எத்தனை மணி நேரம் வரவில்லை என்று கணக்கோடு. சாக்கடை, பார்க்கிங் எல்லாம் எழுதுங்கள். கடலை விட்டுவிடுங்கள், கண்ணுக்குத் தெரியும் காட்சிக்கு என்று இங்கே சட்டத்தில் தனி உரிமை இல்லை. அதை முதல் வரியில் எழுதினால் மீதியையும் பணக்காரப் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள்.

3-ம் நம்பர் தாத்தா: பிள்ளைகளே, எனக்கு டைப் அடிக்க நேரம் ஆகும். நான் பிறந்தது மேகஸின் பாரக்ஸில், கார்ப்பரேஷன் தொழிலாளர் குடியிருப்பு, சோம்ட்சூ ரோடு. அப்பா டர்பன் கார்ப்பரேஷனில் குப்பை வண்டி. அங்கே முக்கால்வாசி நம் தமிழ் ஜனம்தான், குழாயும் கக்கூஸும் எல்லோருக்கும் பொது. அறுபதுகளில் லாரியில் ஏற்றி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் இறக்கினார்கள். எத்தனை மாடி, எந்த வீடு, பக்கத்தில் யார், ஒன்றும் எங்களைக் கேட்கவில்லை. நோட்டீஸ் ஒட்டி ஆட்சேபம் இருந்தால் எழுது என்று சொல்வதை நான் கிழவனான பிறகுதான் பார்க்கிறேன். கேட்கிறார்கள் இல்லையா, எழுதிக் கொடுங்கள். இங்கே கத்தி என்ன பிரயோஜனம்.

3-ம் நம்பர் தாத்தா: இந்த இடம் முழுக்கக் கரும்பு. எரிக்கும் நாளில் கொடியில் காயும் துணியெல்லாம் கறுப்புச் சாம்பல். அந்தக் கறிவேப்பிலை நான் வைத்தது.

17-ம் நம்பர் சித்தி: தாத்தா நீங்கள் வைத்ததா! எனக்கு இத்தனை நாள் தெரியாது.

*ஞாயிற்றுக்கிழமை*

ஆடிட்டர் அக்கா: இரவு தூக்கம் வரவில்லை, வாங்கிய பத்திரத்தை எடுத்துப் படித்தேன். எல்லோரும் ஒரு தடவை படியுங்கள், பெரிதாக இருக்கும். பதினோராம் பக்கம், சின்ன எழுத்து. வீடு தனி, நிலம் பொது என்று வைக்கும் செக்ஷனல் டைட்டில் சட்டம் 25-வது பிரிவின்படி ஸ்கீமை, அதாவது நம் குடியிருப்பை, விரிவாக்கும் உரிமையை டெவலப்பர் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார், எத்தனை வருடத்துக்குள் என்றும் இருக்கிறது, இன்னும் முடியவில்லை. ஆகவே "கட்டவே கூடாது" என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த உரிமை எந்த வரைபடத்தோடு பதிவானதோ அதன்படிதான் கட்டணும், சூழ்நிலை மாறியதற்காகக் கொஞ்சம் இடம் உண்டு, அதுவும் நம்மைப் பாதித்தால் கோர்ட்டுக்குப் போகலாம். பதிவானது மூன்று மாடியா ஆறா? அலமாரியில் இருக்கும் கலர் புத்தகம் செல்லாது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில், பத்திரப் பதிவு அலுவலகத்தில், இருக்கும் வரைபடம்தான் செல்லும்.

ஆடிட்டர் அக்கா: இனிமேல்தான் விஷயம். டெவலப்பர் உரிமை வைத்திருப்பது கட்டுவதற்கு. நிலம் இன்னும் நம் எல்லோருக்கும் பொது. அந்தப் பகுதிக்கு ஆகும் ரேட்ஸ் (முனிசிபல் வரி), இன்ஷூரன்ஸ், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் டெவலப்பரிடம் தனியாகக் காசு கேட்க வேண்டியது பாடி கார்ப்பரேட்டின் வேலை, செக்ஷனல் டைட்டில் ஸ்கீம்களுக்கான நிர்வாகச் சட்டத்தில் மூன்றாவது பிரிவிலேயே இருக்கிறது. ஏஜிஎம்முக்கு வந்த காகிதங்களில் போன வருட வரவை மூன்று தடவை பார்த்தேன், அப்படி ஒரு வரியே இல்லை. செலவுப் பக்கத்தில் மட்டும் "தோட்டம், காலி நிலம் புல் வெட்டு" என்று அழகாக இருக்கிறது.

40-ம் நம்பர் மாமா: அதாவது அவர் நிலத்துக்குப் புல் வெட்டியது நான்.

ஆடிட்டர் அக்கா: உங்கள் நிலத்துக்குத்தான் மாமா, காசு அவரும் கொடுத்திருக்கணும்.

14-ம் நம்பர் அக்கா: எத்தனை வருடமாக?

அட்மின்: குடி வந்து ஆறு வருடம் ஆகிறது.

(ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. டிரஸ்டி அண்ணன் "டைப்பிங்" என்று காட்டும், நிற்கும், மறுபடி காட்டும்.)

டிரஸ்டி அண்ணன்: ஏஜெண்டுக்குப் போன் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை என்று கொஞ்சம் முனகினார். டெவலப்பருக்கு அப்படி ஒரு பில் போனதே இல்லையாம். ஏன் என்று கேட்டால் "டிரஸ்டிகள் யாரும் கேட்கவில்லையே" என்கிறார். தப்பு எங்கள் மேலும் இருக்கிறது, எனக்கு அந்தப் பிரிவு தெரியாது, மறைக்கவில்லை.

ஆடிட்டர் அக்கா: அண்ணா, உங்களைக் குற்றம் சொல்ல இதைத் தோண்டவில்லை. டிரஸ்டி மீட்டிங் போட்டு எழுத்தில் கேளுங்கள், பழைய பாக்கியும் சேர்த்து. எவ்வளவு பழசு வரை கேட்கலாம் என்பதை வக்கீல் சொல்லட்டும். நழுவினால் அந்த 40 ராண்ட் அலுவலகம் இருக்கிறது. பட்ஜெட்டில் அந்த வரவைப் போட்ட பிறகு 3,000 வேண்டுமா என்று ஏஜிஎம்மில் பார்ப்போம்.

22-ம் நம்பர் தம்பி: நாளை எனக்கு லீவு, மாரிட்ஸ்பர்க் நான் போய் வருகிறேன். வாடகைக்காரனுக்கு நகல் கொடுப்பார்களா?

ஆடிட்டர் அக்கா: ஃபீஸ் கட்டினால் யாருக்கும் கொடுப்பார்கள். ஸ்கீம் நம்பரை மறக்காமல் கொண்டு போ. ஆறு மாடி வேண்டும் என்று சொன்ன ஆள் நீ, உன்னை நம்பலாமா? 😄

22-ம் நம்பர் தம்பி: இப்பவும் அதைத்தான் சொல்கிறேன் அக்கா. ஆனால் காசு கொடுத்துக் கட்டட்டும்.

அட்மின்: ஜூன் ஏஜிஎம்முக்கு வர முடியாதவர்கள் உங்களுக்குப் பதில் ஓட்டுப் போட வேறொருவருக்கு பிராக்ஸி எழுதிக் கொடுங்கள். ஒருவர் இரண்டு பேருக்கு மேல் பிராக்ஸி வாங்க முடியாது, போன தடவை மாதிரி எல்லாவற்றையும் என் கையில் திணிக்காதீர்கள். எதிர்ப்புக் கடிதத்துக்கு நோட்டீஸில் கடைசித் தேதி போட்டிருக்கிறது, ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதுங்கள், ஒரே கடிதத்தை 48 தடவை நகல் எடுக்க வேண்டாம்.

40-ம் நம்பர் மாமா: நான் வருகிறேன். லெவியும் கட்டிவிட்டேன், மனமில்லாமல்.

17-ம் நம்பர் சித்தி: எல்லாம் சரி. நிலம் பொது என்றால் அந்தப் பூட்டு யாருடையது?

டிரஸ்டி அண்ணன்: டெவலப்பர் ஆள் போட்டது. எங்களிடம் கேட்கவில்லை.

3-ம் நம்பர் தாத்தா: சாவி கேட்டு இன்றே எழுதுங்கள். அதுவரை வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது சித்தி, தரையிலிருந்தே எட்டும்.