காம்போ பேக் வாங்குவதா, தனி 4கே டிஸ்க் போதுமா?

நண்பர்களே, ஒரு குழப்பம். போன மாதம்தான் 4கே ப்ளூரே ப்ளேயர் வாங்கினேன். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார், நாலைந்து படம் வாங்கிவரச் சொல்லலாம் என்று தேடினால் நிறையப் படங்கள் 4கே டிஸ்க்கும் சாதா ப்ளூரேயும் சேர்ந்த ஒரே பெட்டியாகத்தான் வருகின்றன.

என் சந்தேகம் அந்த இரண்டாவது டிஸ்க்கைப் பற்றித்தான். 4கே டிஸ்க்குக்கு ரீஜன் கோட் (எந்தப் பகுதி நாடுகளின் ப்ளேயரில் ஓடும் என்ற பூட்டு) கிடையாது, எங்கே வாங்கினாலும் ஓடும், ஆனால் ப்ளூரேக்கு உண்டே, அமெரிக்கா ஏ, நம் இந்தியா சி. ஏ மட்டும் என்று பூட்டியிருந்தால் இங்கே வாங்கிய ப்ளேயரில் அது வெறும் தட்டுதான். அதுகூடப் பரவாயில்லை, சில பெட்டிகளில் மேக்கிங், பேட்டி எல்லாம் அந்த ப்ளூரேயில் மட்டும் இருக்கிறதாம், அப்படியானால் காசு கொடுத்தும் பார்க்க முடியாதே!

இன்னொரு பக்கம், ஹாலில் இருப்பது பழைய ப்ளூரே ப்ளேயர், அதில் 4கே டிஸ்க் ஓடாது. அப்பா அங்கேதான் படம் பார்ப்பார், அவருக்காக இரண்டாவது டிஸ்க் உதவும்.

அப்புறம், முன்பு வாங்கிய ஒரு பெட்டியில் இரண்டு டிஸ்க்கையும் ஒரே குமிழில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருந்தார்கள், அடியில் இருந்ததன் மேல் முடி போல ஒரு கீறல், சரியாக இடைவேளை நேரத்தில் படம் நின்றுவிடுகிறது.

வாங்குவதற்கு முன்பே ப்ளூரேயின் ரீஜன் என்ன என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? பெட்டியின் பின்பக்கம் போட்டிருப்பதை நம்பலாமா?